அச்சகத்துப் பென்டியமும் ஒரு சிடி டிரைவும்

பாளையங்கோட்டையில் உள்ள ஓர் அச்சகத்தின் பழைய டிடிபி (பக்க வடிவமைப்பு) கணினி இப்போது சிடியைப் படிக்கிறது. தமிழ் எழுத்துரு மென்பொருளின் பூட்டை அடையாளம் காண்கிறது. கோப்புகளை நெட்வொர்க் வழியாக என் மடிக்கணினிக்கு அனுப்புகிறது. இவற்றில் எதையும் தனியாகச் செய்யவைப்பது கடினமில்லை. மூன்றும் சேர்ந்து இயங்க வேண்டும் என்றபோதுதான் ஒன்று வந்தால் இன்னொன்று போனது. இதே காலத்துக் கணினி ஒன்றை உயிர்ப்பிக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் வேலையை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அச்சகத்தில் 1999 முதல் எழுதிவைத்த சிடிகள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. கோவில் கொடை மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்புகள் என்று எல்லாம் பேஜ்மேக்கர் 6.5 கோப்புகள். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அமைத்தவை என்பதால் புதிய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரும். எழுத்துருக்களைத் தரும் மென்பொருளோ, பிரிண்டர் போர்ட்டில் செருகிய ஒரு சிறு பூட்டு இருந்தால்தான் இயங்கும். அந்தப் போர்ட்டும் பூட்டும் மென்பொருளும் ஒன்றாக இருப்பது இந்த ஒரு கணினியில்தான். ஆகவே சிடியை அங்கேயே படித்து, அங்கேயே திறந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு வடிவக் கோப்பாக அச்சிட்டு, அதை என் மடிக்கணினியில் பிடிஎஃப் ஆக்குவது என்று முடிவு செய்தேன். அந்தக் கவிஞர்களில் சிலருடைய பிள்ளைகள் மறுபதிப்பு கேட்டு வருகிறார்கள். வேறு எங்கும் படி இல்லாத புத்தகங்களும் அவற்றில் உண்டு.

கணினி பென்டியம் 133. இன்டெல் 430விஎக்ஸ் சிப்செட், 32 எம்பி நினைவகம், 2.1 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. சிடி டிரைவ் இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி. தட்டு சிக்கிக்கொண்டதால் பழைய டிரைவை யாரோ கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை. இது ஏடி வகைப் பெட்டி. முன்பக்க ஸ்விட்சுக்கு வரும் தடித்த கேபிளில் 230 வோல்ட் நேராக ஓடுகிறது. ஸ்விட்சை அணைத்தாலும் அதன் முனைகளில் மின்சாரம் இருக்கும். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு மின்இணைப்பிகளைக் கழற்றினால், திரும்பச் செருகும்போது இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். மாற்றிச் செருகினால் மதர்போர்டு போய்விடும்.

முதல் வேலை ஹார்ட் டிஸ்க்கைப் படியெடுப்பது. யுஎஸ்பி மாற்றி ஒன்று என்னிடம் இருந்தது. இப்போது வாங்கினால் 700 ரூபாய்க்குள் கிடைக்கும். கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலான பயாஸின் திரையில் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி இருந்த எண்களையும் தாளில் எழுதிக்கொண்டேன்: 4,092 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், எல்பிஏ முறை (தட்டின் இடங்களை வரிசை எண்ணால் குறிப்பது). மதர்போர்டு பேட்டரியை மாற்றியதும் இவை அழிந்துவிடும். எல்பிஏ முறையில் பயாஸ் அதே தட்டை 1,023 சிலிண்டர், 64 ஹெட் என்று மாற்றிக் காட்டுகிறது. தானாகக் கண்டறியட்டும் என்று விட்டு அது வேறு முறையைத் தேர்ந்தால், தட்டில் எல்லாம் இருந்தும் விண்டோஸ் எழாது. சிஆர்2032 பேட்டரி 40 ரூபாய்.

அடுத்து மின்சாரம். நான்கு முனை இணைப்பியில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. மல்டிமீட்டரில் 5.02, 11.91 என்று காட்டியது. அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கம் 5 சதவீதம், அதாவது 4.75 முதல் 5.25 வரை, 11.4 முதல் 12.6 வரை. பிறகு டிரைவில் சிடி சுழலும்போது அளந்தபோது 4.94, 11.78. பழைய கணினிகளில் டிரைவைக் குறை சொல்வதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

டிரைவுக்கு ஊரில் உள்ள ஒரு சர்வீஸ் கடையின் பழைய அலமாரியே போதுமானதாக இருந்தது. சிடி மட்டும் படிக்கும் பழைய டிரைவையும், ஐடிஇ கேபிளில் (ஹார்ட் டிஸ்க்கையும் சிடி டிரைவையும் மதர்போர்டோடு இணைக்கும் பழைய பட்டைக் கேபிள்) இணையும் டிவிடி ரைட்டரையும் சேர்த்து 500 ரூபாய்க்கு வாங்கினேன். அச்சகத்துச் சிடிகள் எல்லாம் வீட்டில் எழுதியவை, கடையில் அழுத்தித் தயாரித்தவை அல்ல. அந்தப் பழைய டிரைவ் அவற்றில் பாதியைப் பார்த்ததும் திணறியது. டிவிடி ரைட்டர் அதே சிடிகளைச் சிரமமின்றிப் படித்தது. விண்டோஸ் 98-க்கு அது வெறும் சிடி டிரைவாகவே தெரியும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

பொருத்துவதில் ஒரு சிறு விஷயம். ஹார்ட் டிஸ்க்குக்கு வரும் திருகு 6-32 எனப்படும் அங்குல அளவு. சிடி டிரைவுக்கு எம்3, மில்லிமீட்டர் அளவு, மரை நெருக்கமாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் திருகை டிரைவில் முறுக்கினால் முதல் இரண்டு சுற்று போகும், பிறகு மரையைத் தின்றுவிடும். கையில் எடுத்த திருகு விரலால் சுற்றியே பாதி வரை போக வேண்டும். போகவில்லை என்றால் அது வேறு திருகு.

டிரைவை ஹார்ட் டிஸ்க்கோடு ஒரே கேபிளில் ஸ்லேவாக, அதாவது இரண்டாம் சாதனமாகப் போடுவதா, இரண்டாவது ஐடிஇ தடத்தில் தனியாக மாஸ்டராக, அதாவது முதல் சாதனமாகப் போடுவதா? ஒரே கேபிளில் இருக்கும் இரண்டு சாதனங்களில் ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நீளம். ஐடிஇ கேபிள் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இந்தப் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் அடியில், டிரைவ் உச்சியில். ஒரே கேபிள் இரண்டையும் தொடவே இல்லை. ஆகவே தனித் தடம், ஜம்பர் (முனைகளை இணைத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறு மூடி) மாஸ்டரில், கேபிளின் சிவப்புக் கோடு மின்இணைப்பிப் பக்கமாக. கேபிள் 80 ரூபாய்.

இயக்கினேன். பயாஸ் டிரைவைக் காட்டவில்லை. பயாஸ் அமைப்பில் இரண்டாவது ஐடிஇ தடம் அணைக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். சிடி டிரைவ் இருந்த கணினியில் அந்தத் தடத்தை ஏன் அணைத்தார்கள் என்ற கேள்விக்குள்ளேதான் விடை இருந்தது. நான் அதை இயக்கிவிட்டு மேலே போனேன்.

பயாஸ் டிரைவின் பெயரைக் காட்டியது. விண்டோஸ் 98 துவக்க ஃபிளாப்பியில் எழுப்பினால் சிடியின் கோப்புப் பட்டியலும் வந்தது. (அந்த ஃபிளாப்பி நினைவகத்தில் ஒரு தற்காலிக வட்டை உருவாக்கிக்கொள்வதால் சிடி டிரைவின் எழுத்து ஓர் இடம் தள்ளிப்போகும். டி-யில் தேடினால் காணோம், ஈ-யில் இருக்கும்.) ஆனால் விண்டோஸைத் துவக்கினால் மேகப் படத்திலேயே வெகுநேரம் உறைந்தது. ஒருவழியாக எழுந்த பிறகு பார்த்தால் சிடி டிரைவ் இல்லை. சாதனப் பட்டியலில் இரண்டாவது ஐடிஇ தடத்தின் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. ஹார்ட் டிஸ்க்கும் விண்டோஸுக்கு முந்தைய டாஸின் வழியில் மெதுவாக இயங்கும் ‘டாஸ் இணக்க முறை’க்கு இறங்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

கேபிளை மாற்றினேன், டிரைவை மாற்றினேன், பலனில்லை. திரை அட்டையைத் தவிர மற்ற அட்டைகளை எல்லாம் கழற்றிப் பார்த்தேன். ஆச்சரியக்குறி அப்படியே இருந்தது. அப்படியானால் அட்டைகளில் பிழை இல்லை, மதர்போர்டின் இரண்டாவது தடமே பழுது என்ற முடிவுக்குத்தான் யாரும் வருவார்கள். நானும் வந்தேன். அந்த முடிவு தவறு. அதற்குக் காரணம் விண்டோஸ் 98-இன் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

ஐடிஇ தடத்தைத் தொடங்கும்போது ஒருமுறை தோற்றால், விண்டோஸ் பதிவேட்டில் ‘நோஐடிஇ’ என்று ஒரு பதிவை எழுதிவைத்துக்கொள்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவைப் பார்த்து, முயன்றே பார்க்காமல் டாஸ் இணக்க முறைக்குப் போய்விடுகிறது. அடிப்படைக் கோளாறைச் சரிசெய்தாலும் பதிவு தானாக அழிவதில்லை. பதிவேட்டைத் திருத்தும் ரெஜெடிட் நிரலில் கணினி அமைப்புப் பகுதிக்குள் விஎக்ஸ்டி, அதற்குள் ஐஓஎஸ் என்ற கோப்புறையில் அது இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை அழித்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் பார்ப்பது நேற்றைய தோல்வியை.

அட்டைகள் இல்லாத நிலையில் அந்தப் பதிவை அழித்தேன். விண்டோஸ் விரைவாக எழுந்தது, சிடி டிரைவ் வந்தது, ஆச்சரியக்குறி போனது. பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினேன். ஐஎஸ்ஏ என்ற பழைய வகைச் செருகுமிடத்துக்கான ஒலி அட்டை உள்ளே போனதும் பழைய உறைதல், பழைய ஆச்சரியக்குறி. பதிவும் மறுபடி முளைத்திருந்தது.

அந்தக் காலத்து ஒலி அட்டைகள் பலவற்றில் சிடி டிரைவை இணைக்கவே 40 முனை ஐடிஇ இணைப்பி ஒன்று இருக்கும். இந்த அட்டையிலும் இருந்தது. இழந்துபோன பழைய டிரைவ் அதில்தான் இணைந்திருந்திருக்கிறது. அதற்காகத்தான் மதர்போர்டின் இரண்டாவது தடத்தை அணைத்திருக்கிறார்கள். அட்டையின் ஜம்பர் அந்த இணைப்பியை ‘இரண்டாவது தடம்’ என்ற இடத்தில் வைத்திருந்தது: முகவரி (செயலி அந்தச் சாதனத்தைத் தேடிப் போகும் எண்) 170, ஐஆர்க்யூ 15. மதர்போர்டின் இரண்டாவது தடத்துக்கும் இதே முகவரி, இதே ஐஆர்க்யூ. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள்.

பயாஸுக்கு மட்டும் டிரைவ் தெரிந்தது ஏன் என்பதும் இதிலேயே விளங்கியது. ஐஆர்க்யூ என்பது சாதனம் செயலியைக் கூப்பிடும் கம்பி. டிரைவைக் கண்டறியும்போது பயாஸ் அந்தக் கூப்பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை, தானே திரும்பத் திரும்பப் போய் நிலையைப் பார்க்கிறது. விண்டோஸோ கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறது. 15-ஆம் கம்பியை ஒலி அட்டையும் பிடித்துக்கொண்டிருந்ததால் டிரைவின் கூப்பாடு போய்ச் சேரவில்லை. பயாஸில் தெரிந்து விண்டோஸில் உறைந்தால் முதலில் ஐஆர்க்யூவைச் சந்தேகிக்க வேண்டும் என்பது எனக்கு இதில் கிடைத்த மிகப் பயனுள்ள அறிகுறி.

கையேடு இல்லை. ஆனால் ஜம்பருக்குப் பக்கத்திலேயே பலகையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பூதக்கண்ணாடியும் டார்ச்சும் போதும். ஐடிஇ பகுதியை அணைக்கும் இடத்துக்கு ஜம்பரை மாற்றி, பதிவை மறுபடி அழித்து, இயக்கினேன். ஒலியும் இருந்தது, சிடியும் இருந்தது.

“ஒலி அட்டையையே கழற்றிவிடலாமே அண்ணாச்சி, அச்சகத்துக்கு அது எதற்கு?” என்று கேட்டேன். “இரவு வேலைக்குப் பாட்டு வேண்டாமா தம்பி?” என்றார் அச்சக உரிமையாளர். பாட்டு சிடிக்கு டிரைவின் பின்னாலிருந்து ஒலி அட்டைக்கு ஒரு மெல்லிய நான்கு முனை கம்பி போதும். ஒலி நேராகப் போய்விடும், ஐஆர்க்யூவே தேவையில்லை. அதையும் இணைத்துக் கொடுத்தேன்.

அடுத்தது நெட்வொர்க். 650 எம்பி சிடியை 1.44 எம்பி ஃபிளாப்பியில் கடத்த முடியாது. என் மேசை அறையில் ரியல்டெக் 8019 சிப் உள்ள ஐஎஸ்ஏ அட்டை ஒன்று கிடந்தது. என்இ2000 வகை, 10 மெகாபிட். செருகினேன், விண்டோஸ் கண்டுகொண்டது, மடிக்கணினியோடு பேசியது. அதன் பிறகு எழுத்துரு மென்பொருளைத் திறந்தால், பூட்டு இல்லை என்ற செய்தி.

அண்ணாச்சியின் முகம் வெளிறிவிட்டது. பூட்டு பழுதாகியிருந்தால் மாற்று கிடைக்க வழியே இல்லை. “அது செத்திருந்தால் இந்தச் சிடியெல்லாம் எனக்கு வெறும் தட்டுதான் தம்பி” என்றார். நான் பூட்டைக் கழற்றித் துடைத்தேன், இணைப்பியின் 25 முனைகளையும் பார்த்தேன், பயாஸில் பிரிண்டர் போர்ட்டின் முறையை மாற்றிப் பார்த்தேன். எதிலும் பலன் இல்லை.

துப்புக் கொடுத்தது வேறொன்று. பின்னணியில் ஒரு கோப்பு எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எழுத்துரு மென்பொருளைத் திறந்த அதே நொடியில் அது அறுந்தது. மறுபடி அனுப்பிக்கொண்டே திறந்தேன், மறுபடி அறுந்தது. பூட்டைத் தேடும் செயலுக்கும் நெட்வொர்க் அட்டைக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும்.

சாதனப் பட்டியலில் முகவரிகளைப் பார்த்தேன். நெட்வொர்க் அட்டை 360-இல் தொடங்குகிறது. இவை 16-ஐ அடியாகக் கொண்ட எண்கள். 9-க்கு அடுத்து ஏ முதல் எஃப் வரை போகும். என்இ2000 அட்டை 32 முகவரிகளை எடுத்துக்கொள்ளும். 360-இல் தொடங்கினால் 37எஃப்-இல் முடியும். முதல் பிரிண்டர் போர்ட்டின் முகவரி 378. அதாவது பூட்டு இருக்கும் இடம் நெட்வொர்க் அட்டையின் எல்லைக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதுவும் எந்தப் பகுதியில்? இந்த வகை அட்டையின் கடைசி எட்டு முகவரிகள் அட்டையை மீட்டமைப்பதற்கு உரியவை. அவை சரியாக 378 முதல் 37எஃப் வரை. எழுத்துரு மென்பொருள் பூட்டைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் அட்டை தன்னை மீட்டமைத்துக்கொண்டிருந்தது. பூட்டின் பதிலும் கலங்கிப்போயிற்று. இரண்டு நோயும் ஒன்றே.

அட்டையில் ஜம்பர் இல்லை. டாஸில் இயங்கும் அமைவு நிரலால்தான் முகவரியை மாற்ற வேண்டும். விண்டோஸுக்குள் இருக்கும் டாஸ் சாளரத்தில் அல்ல, துவக்க ஃபிளாப்பியில் எழுப்பிய வெறும் டாஸில். எந்த முகவரிக்கு மாற்றுவது? 320 வைத்தால் 33எஃப் வரை போய், ஒலி அட்டையின் மிடி (இசைக் கருவிகளை இணைக்கும் வசதி) முகவரியான 330-ஐ விழுங்கிவிடும். 300 வைத்தால் 31எஃப்-இல் முடியும், யாரையும் தொடாது. ஐஆர்க்யூவுக்கு 5 வேண்டாம், ஒலி அட்டை அதில் இருக்கிறது. 3, 4 சீரியல் போர்ட்டுகளுக்கு, 7 பிரிண்டருக்கு. 10 என்று வைத்தேன்.

பத்தை பயாஸ் ஏற்கெனவே பிசிஐ (ஐஎஸ்ஏவுக்கு அடுத்து வந்த வகை) திரை அட்டைக்குக் கொடுத்திருந்தது. பயாஸின் பிசிஐ பக்கத்தில் ஒவ்வொரு ஐஆர்க்யூவுக்கும் எதிரில் ‘பழைய ஐஎஸ்ஏ’ என்று குறிக்கும் வசதி உண்டு. 5-ஐயும் 10-ஐயும் அப்படிக் குறித்தேன். திரை அட்டை தானாக 11-க்கு நகர்ந்தது. பழைய ஐஎஸ்ஏ அட்டைகளுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது, பிசிஐ அட்டைகளுக்குத் தெரியும். ஆகவே முதலில் ஐஎஸ்ஏ அட்டைகளுக்கு இடம் ஒதுக்கி, மிச்சத்தைத் தானியங்கி ஏற்பாட்டுக்கு விடுவதே சரியான வரிசை.

பூட்டு உடனே அகப்பட்டது. அண்ணாச்சி பையனை அனுப்பி எல்லோருக்கும் அல்வா வாங்கிவரச் சொன்னார்.

கோப்புகளை அனுப்ப விண்டோஸின் பகிர்வு வசதியை முயல வேண்டாம். விண்டோஸ் 98 பேசும் பழைய முறையை இன்றைய இயங்குதளங்கள் பாதுகாப்புக் கருதி அணைத்து வைத்திருக்கின்றன. விண்டோஸ் 98-இல் உள்ள எஃப்டிபி கட்டளையே போதும். மடிக்கணினியில் லினக்ஸில் ஓர் எஃப்டிபி சர்வரை இயக்கினேன். நொடிக்கு 600 கிலோபைட் அளவுக்குப் போனது, முழுச் சிடிக்கு 18 நிமிடம்.

சிடிகளில் காகித லேபிள் ஒட்டியவைதான் அதிகம் தொல்லை கொடுத்தன. லேபிள் சுருங்கித் தட்டு லேசாக வளைந்திருக்கிறது. அதை உரிக்கக் கூடாது. தகவல் இருக்கும் மெல்லிய படலம் லேபிளுக்கு நேர் கீழே இருப்பதால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். தூசி படிந்தவற்றை ஈரப் பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, தொடர்ந்தாற்போல் நீண்ட பகுதி படிக்க முடியாமல் போகும்.

செலவு: பேட்டரி 40, கேபிள் 80, டிரைவ் இரண்டும் 500, எம்3 திருகுகள் 20. நெட்வொர்க் அட்டையும் யுஎஸ்பி மாற்றியும் கையிருப்பு.

அடுத்த முறை இதுபோன்ற கணினி வந்தால் எந்த அட்டையையும் தொடுமுன் முகவரி, ஐஆர்க்யூ, டிஎம்ஏ (செயலி வழியாகப் போகாமல் நினைவகத்தோடு நேராகப் பேசும் தடம்) மூன்றையும் ஒரு தாளில் அட்டவணையாகப் போட்டுவிடுவேன். அதில் தொடக்க முகவரியோடு முடிவு முகவரியையும் எழுத வேண்டும். 360 என்று மட்டும் எழுதினால் 378 மோதும் என்பது கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கணினிக்கான தாளைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். அணைத்து வைக்கப்பட்ட அமைப்பு எதையும், ஏன் அணைத்தார்கள் என்று தெரியாமல் இயக்க மாட்டேன்.

ஹார்ட் டிஸ்க் இன்னும் பழையதே, தாங்கியில் இரைச்சல் கேட்கிறது. காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையை ஐடிஇ மாற்றியில் போட்டு, எடுத்துவைத்த படியை அதில் எழுத வேண்டும். டிவிடி ரைட்டரும் படிக்காத சிடிகளைத் தனியே எடுத்துவைத்திருக்கிறேன். அவற்றை மடிக்கணினியில் வேறொரு டிரைவில் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற தகவல் மீட்பு நிரலைக் கொண்டு மெதுவான வேகத்தில் செக்டார் செக்டாராக எடுக்கப் போகிறேன்.